மனம் புதிதாவதும் தேவ சித்தத்தை அறிவதும்

கேள்வி இதுதான்: “இரட்சிக்கப்பட்டுப் பல வருஷமாகிறது. தினமும் ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன். ஆனாலும் பழைய எண்ணங்கள் அப்படியே இருக்கின்றன. ரோமர் 12:2 சொல்கிறபடி மனம் புதிதாவது நடைமுறையில் எப்படி நடக்கும்? இப்போது எனக்கு இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. எது தேவ சித்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெரும்பாலும் நமக்கு அவசரம் இரண்டாவதில்தான். எந்த வேலை, எந்த ஊர், யாரோடு கல்யாணம் என்று தெரிந்துவிட்டால் போதும். மனம் புதிதாவது அதற்கு ஒரு வழி என்று வைத்துக்கொள்கிறோம். பவுல் அந்த வசனத்தை எழுதியபோது அவர் மனதில் இருந்தது வேறு. அதனால் முதலில் வசனத்தையே முழுசாகப் பார்த்துவிடலாம்.

“நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்.” இது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் இதற்கு முந்தின வசனத்தை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. முதலாம் வசனம் சரீரத்தைப் பற்றிப் பேசுகிறது: தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறது. முதலில் சரீரம், அடுத்து மனம், அதற்கப்புறம்தான் சித்தத்தைப் பகுத்தறிவது. நாம் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம்: முதலில் சித்தத்தைக் காட்டுங்கள், பிடித்திருந்தால் மனதை மாற்றிக்கொள்கிறேன், சரீரத்தை அப்புறம் பார்க்கலாம்!

“இரக்கங்களை முன்னிட்டு” என்பதையும் சாதாரணமாகத் தாண்டிவிடக் கூடாது. பதினொரு அதிகாரங்களாக, தகுதியே இல்லாதவர்களைத் தேவன் எப்படி நீதிமான்களாக்கினார் என்று விவரித்துவிட்டுத்தான் “அப்படியிருக்க” என்று பன்னிரண்டாம் அதிகாரத்தைத் தொடங்குகிறார். நீங்கள் மனதை மாற்றிக் காட்டினால் தேவன் ஏற்றுக்கொள்வார் என்ற பேரம் இதில் கிடையாது. ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களிடம்தான் இந்த வேண்டுகோள் வைக்கப்படுகிறது. இந்த இடத்தில் குழப்பம் இருந்தால் பிறகு வரும் எல்லா முயற்சியும் சுமையாகிவிடும். பழைய எண்ணம் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ‘நான் இரட்சிக்கப்பட்டவன்தானா’ என்ற சந்தேகத்தில் போய் நிற்பீர்கள்.

இன்னொரு விஷயம். ரோமர் முதலாம் அதிகாரத்தையும் பன்னிரண்டாம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதலாம் அதிகாரத்தில் மனம் எப்படிக் கெட்டுப்போனது என்ற கதை இருக்கிறது. அவர்கள் தேவனை மகிமைப்படுத்தவில்லை, ஸ்தோத்திரிக்கவில்லை; அதனால் இருதயம் இருளடைந்தது. சிருஷ்டியைத் தொழுதார்கள், சரீரங்களை அவமானப்படுத்தினார்கள், கடைசியில் “கேடான சிந்தைக்கு” ஒப்புக்கொடுக்கப்பட்டார்கள். ஆராதனை கோணலானதும் சரீரமும் மனமும் கோணலாயின. பன்னிரண்டாம் அதிகாரம் அதே பாதையில் திரும்பி நடக்கிறது: ஆராதனை சரியான இடத்துக்கு வருகிறது, சரீரம் ஒப்புக்கொடுக்கப்படுகிறது, மனம் புதிதாகிறது. ஆக, மனம் என்பது தலைக்குள் தனியாக இருக்கும் யோசனைக் கூடம் இல்லை. நீங்கள் எதைப் பெரிதாக எண்ணிக் கும்பிடுகிறீர்களோ அதன் பக்கம் அது சாயும். பணத்தைப் பெரிதாக எண்ணுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்காகத் தெரியும். மனுஷர் தரும் பேரைப் பெரிதாக எண்ணுகிறவனுக்கு எல்லாப் பேச்சும் தன்னைப் பற்றியதாகவே கேட்கும். ‘என் எண்ணங்கள் மாறவில்லை’ என்று சொல்கிறவர் முதலில் பார்க்கவேண்டியது எண்ணங்களை அல்ல. அவை எதைச் சுற்றி வருகின்றன என்பதை.

சரி, மனம் புதிதானால் எந்தச் சித்தம் தெரியும்? அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால் விளங்கும். ஏறக்குறைய கி.பி. 57-ல், கொரிந்துவிலிருந்து பவுல் சொல்லச் சொல்ல தெர்தியு எழுதினார். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் அதை ரோமாபுரிக்குக் கொண்டுபோனதாகத் தெரிகிறது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியைவிட்டுப் போகச் சொல்லியிருந்தான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்படி வெளியேறியவர்கள்தான். பிறகு திரும்பி வந்த யூத விசுவாசிகளும், இடையில் எண்ணிக்கையில் பெருகியிருந்த புறஜாதி விசுவாசிகளும் ஒரே சபையாக இருக்கவேண்டியிருந்தது. ஒருவன் மாம்சம் சாப்பிட்டான், இன்னொருவன் மரக்கறி மட்டும் சாப்பிட்டான். ஒருவனுக்கு ஒரு நாள் விசேஷம், இன்னொருவனுக்கு எல்லா நாளும் ஒன்றே. ஒருவரையொருவர் அற்பமாகப் பார்த்தார்கள், குற்றவாளியாகத் தீர்த்தார்கள்.

அந்தச் சபைக்குத்தான் பவுல் “உங்கள் மனம் புதிதாகட்டும்” என்று எழுதுகிறார். எழுதிவிட்டு அடுத்த வசனத்திலேயே, உன்னைப்பற்றி “எண்ணவேண்டியதற்கு மிஞ்சி” எண்ணாதே என்கிறார். அங்கிருந்து பதினைந்தாம் அதிகாரம் வரைக்கும் வரிசையாக வருவதெல்லாம் இந்த மாதிரி விஷயங்கள்தான்: அழுகிறவர்களோடு அழுங்கள், தாழ்மையானவர்களுக்கு இணங்குங்கள், சத்துரு பசியாயிருந்தால் சோறு கொடுங்கள், வரி செலுத்துங்கள், அன்பைத் தவிர வேறு கடன் வைக்காதீர்கள், உங்கள் சாப்பாட்டினால் பலவீனமான சகோதரனை இடறப்பண்ணாதீர்கள். புதிதான மனம் பகுத்தறிகிற தேவ சித்தம் இவ்வளவு சாதாரணமானது. யாருக்கு எந்த உத்தியோகம் என்று ஒரு வரி கூட இல்லை.

பவுலுக்கே தன் பயணத் திட்டம் தெரிந்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அதே கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், எருசலேமுக்குப் போய்க் காணிக்கையைக் கொடுத்துவிட்டு, உங்களைப் பார்த்துவிட்டு, ஸ்பானியாவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்கிறார். யூதேயாவில் இருக்கிற எதிராளிகளிடமிருந்து தப்புவதற்கும், தேவ சித்தத்தினாலே சந்தோஷமாய் வந்து சேருவதற்கும் ஜெபியுங்கள் என்று கேட்கிறார். நடந்தது என்ன? எருசலேமில் பிடிபட்டார், செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் கிடந்தார், கப்பல் உடைந்தது, ரோமாபுரிக்குக் கைதியாகத்தான் போய்ச் சேர்ந்தார். திட்டம் போட்டார், ஜெபம் கேட்டார், திட்டம் மாறியதையும் ஏற்றுக்கொண்டார். இவ்வளவு புதிதான மனம் உள்ள மனுஷருக்கே நாளைய வரைபடம் கையில் இல்லை. நமக்கு அது கிடைக்கவில்லை என்பதற்காக நம்முடைய ஆவிக்குரிய வாழ்க்கையில் ஏதோ கோளாறு என்று அர்த்தமில்லை.

“மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்” என்று உபாகமம் 29:29 சொல்கிறது. வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்கு உரியவை. வெளிப்படுத்தப்பட்ட சித்தம் நிறையவே இருக்கிறது. நீங்கள் பரிசுத்தமாயிருப்பதே தேவனுடைய சித்தம் என்று 1 தெசலோனிக்கேயர் 4-ல் வருகிறது. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரஞ்செய்வது தேவனுடைய சித்தம் என்று அடுத்த அதிகாரத்தில் வருகிறது. இவற்றை விட்டுவிட்டு மறைவானதைத் தோண்டுவதில்தான் பலருடைய வருஷங்கள் போகின்றன. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ தெரியவில்லை. ஆனால் வீட்டில் மனைவியோடு மூன்று நாளாகப் பேசாமல் இருந்துகொண்டு, ‘கர்த்தர் என்னை எங்கே அனுப்பப்போகிறார்’ என்று உபவாசம் இருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி, பழைய எண்ணங்கள் ஏன் போகமாட்டேன் என்கின்றன என்பதற்கு வருவோம். இதற்கு வேதத்தில் எனக்குத் தெரிந்த நேர்மையான உதாரணம் பேதுரு. யோப்பாவில், மத்தியான வேளையில், மேல்வீட்டில் ஜெபம்பண்ணப் போனவருக்குத் தரிசனம் வருகிறது. நாலு முனையும் கட்டப்பட்ட பெரிய துப்பட்டி போன்ற ஒன்று இறங்குகிறது. அதில் யூதர் தீட்டென்று சாப்பிடாதவை உட்பட எல்லா விதமான மிருகங்களும் பறவைகளும். “அடித்துப் புசி” என்று சத்தம். பேதுருவின் பதில், “அப்படியல்ல, ஆண்டவரே”! மூன்று தரம் நடக்கிறது. செசரியாவிலிருந்த ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நெலியுவின் ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். மறுநாள் அவர்களோடு செசரியாவுக்குப் போகிறார், புறஜாதியான் வீட்டுக்குள் நுழைகிறார், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று தன் வாயாலேயே சொல்கிறார், பரிசுத்த ஆவியானவர் அவர்கள்மேல் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறார். பின்பு எருசலேமில் கேள்வி கேட்டவர்களுக்கு இதையெல்லாம் விளக்கவும் செய்கிறார். ஒரு மனுஷனுடைய மனம் மாற இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் என்ன வாசிக்கிறோம்? அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகுகிறார்கள்; பர்னபா கூட இழுபட்டுப்போகிறார். பேதுருவின் உபதேசம் மாறிவிடவில்லை. கேட்டிருந்தால் ‘தேவன் பட்சபாதமுள்ளவரல்ல’ என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் ‘இவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்ற பயம் வந்த அந்த நிமிஷத்தில் சரீரம் பழைய இடத்துக்கே எழுந்து போய்விட்டது. தெரிந்துகொண்டது ஒரு பக்கம், பழகிப்போனது ஒரு பக்கம். மனம் புதிதாவது என்பது இந்த இடைவெளி குறைவதுதான். அது ஒரு தரிசனத்தில் முடிகிற காரியமில்லை. தொடர்ந்து நடக்கவேண்டியது, சில சமயம் இன்னொரு சகோதரன் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியது. பவுல் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். பேதுருவின் ஊழியம் அதோடு முடிந்துவிடவில்லை. பிந்தின நாட்களிலும் “நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்” என்று எழுதுகிற பேதுருவைத்தான் பார்க்கிறோம்.

உங்களுக்கும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். வசனம் தெரியும். ஆனால் அவசரமான நிமிஷத்தில் பழக்கம் முந்திக்கொள்கிறது. அப்படி ஒரு நிமிஷத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

நீங்கள் ராத்திரியெல்லாம் விழித்துத் தயாரித்த அறிக்கையை, கூட்டத்தில் உங்களோடு வேலை செய்கிறவர் தன்னுடையது போலப் பேசிப் பாராட்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சரீரம்தான் பேசும்: காது சூடாகும், தாடை இறுகும். அடுத்த நொடியில் ஒரு வாக்கியம் தானாக வரும், ‘இவன் எப்பவுமே இப்படித்தான்.’ இதுவரைக்கும் நடந்தது உங்கள் கையில் இல்லை. மூன்றாவது நொடிதான் முக்கியம். அந்த வாக்கியத்துக்குச் சாட்சிகளைத் தேட மனம் கிளம்பும். போன வருஷம் அவர் செய்தது, அவருடைய சிரிப்பு, அவர் மேலதிகாரியிடம் குழைவது எல்லாம் வந்து வரிசையாக நிற்கும். மத்தியானத்துக்குள் தீர்ப்பே எழுதி முடித்திருப்பீர்கள். சாயங்காலம் வீட்டில் பிள்ளை தண்ணீரைக் கொட்டினால் தண்டனை அதற்குக் கிடைக்கும். ராத்திரி ஜெபத்தில் ‘ஆண்டவரே, என் கோபத்தை மாற்றும்’ என்று கேட்பீர்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் கோபம் வேலை செய்தது காலையில், அந்த மூன்றாவது நொடியில். அங்கே ஜெபிக்கவில்லை.

எகிப்தின் வனாந்தரத்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த எவாகிரியு என்ற துறவி இதை நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார். பெருந்தீனி, இச்சை, பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை என்று மனதைக் கலைக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். இந்த எண்ணங்கள் வருவதும் வராததும் நம்மைப் பொறுத்தது அல்ல, அவை தங்குவதும் தங்காததும்தான் நம்மைப் பொறுத்தது என்பது அவருடைய முடிவு. இது பெரிய ஆறுதல். கெட்ட எண்ணம் வந்தது என்பதற்காகவே குற்ற உணர்ச்சியில் உழலும் விசுவாசிகள் ஏராளம். வந்ததற்குக் கணக்குக் கேட்காதீர்கள். உட்காரச் சொன்னீர்களா என்று மட்டும் பாருங்கள்.

வந்த எண்ணத்துக்கு எவாகிரியு சொன்ன மருந்து, அந்தந்த எண்ணத்துக்கு ஏற்ற ஒரு வசனத்தைச் சொல்லி எதிர்த்துப் பேசுவது. இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. வனாந்தரத்தில் சோதனைக்காரனுக்கு இயேசு கொடுத்த மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து, அதுவும் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. நாற்பது நாள் பசியோடிருந்த நிலையில் தேடிப்பிடித்து எடுத்த வசனங்களாக அவை தெரியவில்லை. உள்ளே ஊறியிருந்தது வெளியே வந்தது.

அதனால் வேத வாசிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை நல்லதுதான், முழுப் படமும் கிடைக்கும். ஆனால் நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மனதில் எதுவும் தங்காது. அதோடு கூடவே ஒரு சின்னப் பகுதியை நீண்ட நாள் வைத்துக்கொள்ளுங்கள். 119-ஆம் சங்கீதத்தில் எட்டு எட்டு வசனமாக 22 பகுதிகள் இருக்கின்றன. ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி போதும். காலையில் வாய்விட்டு வாசியுங்கள், பஸ்ஸில் நினைத்துப் பாருங்கள், ராத்திரி அதையே ஜெபமாக்குங்கள். அல்லது ரோமர் 12-ஐ ஒரு மாதம் முழுக்க, தினமும் வாசியுங்கள். பத்தாவது நாள் சலிப்பாக இருக்கும். சலிப்பைத் தாண்டின பிறகுதான் வசனம் நம்மை வாசிக்க ஆரம்பிக்கும். மேலே சொன்ன கூட்டத்தில், அந்த மூன்றாவது நொடியில், “உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள்” என்பது அழையாமலே வந்து நின்றால், அதுதான் நீங்கள் கேட்ட ‘நடைமுறை’.

ஆனால் வசனம் வந்து நின்றால் மட்டும் போதாது, கையும் காலும் அதன்படி அசைய வேண்டும். எபேசியர் நாலாம் அதிகாரத்தில், பழைய மனுஷனைக் களைந்து, உள்ளத்திலே புதிதான ஆவியுள்ளவர்களாகி, புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன கையோடு பவுல் கொடுக்கும் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். திருடுகிறவன் இனித் திருடாமல் இருக்கட்டும் என்பதோடு அவர் நிறுத்துவதில்லை. அவன் தன் கைகளினால் நலமான வேலை செய்யட்டும், எதற்கென்றால், “குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாக.” திருடாமல் இருக்கும் திருடன் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறான், கொடுக்கிறவனாக மாறும்போதுதான் மனம் புதிதாகியிருக்கிறது. பொய்யை விட்டவன் மெய் பேசவேண்டும். கசப்பை விட்டவன் மன்னிக்கவேண்டும். காலி செய்த இடத்தைக் காலியாக விட்டால் பழையதே திரும்பி வரும். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் நீங்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அறிக்கையை நான்தானே தயாரித்தேன், அடுத்த முறை சேர்ந்தே பேசலாமா’ என்று நிதானமாகக் கேட்பதும், அவருக்காக அன்றைக்கே பேர் சொல்லி ஜெபிப்பதும் அந்த இரண்டாவது பாதி. அநியாயத்தை விழுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை, கவனியுங்கள். மத்தேயு 18-லும் ‘அவனிடம் தனித்துப் போய்க் குற்றத்தை உணர்த்து’ என்றுதான் இருக்கிறது.

இதையெல்லாம் நம் சொந்த பலத்தில் செய்கிறோமா, ஆவியானவர் செய்கிறாரா என்று கேட்பீர்கள். பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது: நீங்கள் பிரயாசப்படுங்கள், ஏனென்றால் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன். விருப்பத்தையும் என்பதைக் கவனியுங்கள். ‘எனக்கு மன்னிக்க மனசே வரவில்லை’ என்றால் அதையே ஜெபமாகச் சொல்லலாம். அந்த மனசையும் அவர்தான் தரவேண்டும்.

நேர்மறைச் சிந்தனையோடு இதைக் குழப்பிக்கொள்ளவேண்டாம். கண்ணாடி முன் நின்று ‘நான் ஜெயிக்கப் பிறந்தவன்’ என்று சொல்லிக்கொள்வதை மனம் புதிதாவது என்று சிலர் போதிக்கிறார்கள். பிலிப்பியர் 4:8-ல் சிந்திக்கவேண்டியவைகளின் பட்டியலில் முதலாவது நிற்பது “உண்மையுள்ளவைகள்.” இனிமையான பொய்யை விட, ‘நான் பயப்படுகிறேன், ஆனாலும் நீர் என்னோடிருக்கிறீர்’ என்ற கசப்பான உண்மை மேல். எத்தனையோ சங்கீதங்களில் அழுகையும் முறையீடும் கலந்துதானே இருக்கிறது?

மனம் தனியாகவும் புதிதாவதில்லை. ரோமர் 12 பெரும்பாலும் பன்மையில்தான் பேசுகிறது. உடனே ஒரே சரீரம், அநேக அவயவங்கள் என்று போகிறது. நம்முடைய குருட்டுப் பகுதி நமக்குத் தெரியாது. உங்களுக்கு ‘ஆமாம்’ மட்டும் போடாத ஒருவர் சபையில் இருக்கிறாரா? இல்லையென்றால் தேடிக்கொள்ளுங்கள். கைபேசியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எழுந்ததும் முதல் அரை மணி நேரம் யார் குரலைக் கேட்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாத எண்ணங்கள் நாள் முழுக்க விடாமல் திரும்பத் திரும்ப வந்து, பாவமன்னிப்பைப் பற்றி நூறு தரம் உறுதி தேடவைத்தால், அல்லது வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்காமல் இருந்தால், அதை ‘மனம் புதிதாகவில்லை’ என்று உங்கள்மேல் பழியாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டுமென்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பிடச் சொல்லித் தூங்கவிட்டான்.

இப்போது அந்த இரண்டு வேலைக்கு வருவோம். முதலில், சித்தத்தை அறிய நம்மிடையே ஓடும் சில குறுக்கு வழிகளைப் பார்க்கலாம்.

‘உள்ளத்தில் சமாதானம் இருந்தால் அது தேவ சித்தம்’ என்பது ஒன்று. யோனா தேவ சித்தத்துக்கு நேர் எதிர்த் திசையில் ஓடும்போது கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்த நித்திரை பண்ணினான். பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில் நின்ற இயேசுவோ கெத்செமனேயில் வியாகுலப்பட்டார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. சமாதானத்தை மட்டும் வைத்து அளந்தால் யோனா சரி என்றாகிவிடும்! ‘தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது’ என்ற கொலோசெயர் வசனம் கூட, ஒரே சரீரமாக இணைந்து வாழ்வதைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் வருகிறது.

கிதியோனின் தோல் இன்னொன்று. களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அவன் தேவனிடம் அடையாளம் கேட்டான். ‘இன்றைக்குள் போன் வந்தால் உம்முடைய சித்தம்’ என்கிற மாதிரி. ஆனால் கிதியோனே “நீர் சொன்னபடி” என்றுதான் தொடங்குகிறான். அவனுக்குச் சித்தம் ஏற்கெனவே தெரியும், நம்பத்தான் முடியவில்லை. தேவன் அவன் பலவீனத்துக்கு இறங்கிவந்தார், அவ்வளவுதான்.

மூன்றாவது, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பது. இதற்கு, பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 386-ல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் ‘எடுத்து வாசி’ என்ற பிள்ளையின் குரலைக் கேட்டு, பவுலின் நிருபத்தைத் திறந்தார், ரோமர் 13:13, 14 கண்ணில் பட்டது, வாழ்க்கை மாறியது. உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அவர் மிலான் பேராயர் அம்புரோசின் பிரசங்கங்களைத் தொடர்ந்து கேட்டவர், பவுலின் நிருபங்களைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்தவர். அந்த வசனம் அவருக்குப் புதுத் தகவல் எதையும் கொடுக்கவில்லை. விடவேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் விட முடியாமல் தவித்த இச்சையை விடச் சொன்னது.

உணர்வுகளுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பொறுமையாகப் பார்க்கவேண்டும். 1521-ல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் ஒடிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார், பின்னாளில் இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவியவர், ஒன்றைக் கவனித்தார். போர்வீரனாகப் பேர் வாங்குவதையும் ஒரு சீமாட்டியைக் கவர்வதையும் கற்பனை செய்யும்போது இனிப்பாக இருந்தது; முடிந்ததும் உள்ளே வறட்சி. பரிசுத்தவான்களைப் போல வாழ்வதை நினைத்தபோதும் இனிப்பாக இருந்தது. நினைத்து முடித்த பிறகும் சந்தோஷம் தங்கியது. அந்த நிமிஷத்து உணர்வை அவர் நம்பவில்லை, அது விட்டுப்போன தடத்தைப் பார்த்தார். நீங்கள் எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் இது எடுத்துக்கொள்ளத்தக்க பாடம்.

எபிரெயர் 5:14, நன்மை தீமை இன்னதென்று பகுத்தறிய முயற்சியினால் பயிற்சியடைந்த ஞானேந்திரியங்களைப் பற்றிப் பேசுகிறது. வருஷக்கணக்காகப் பாடிப் பழகினவருக்குச் சுருதி விலகினால் காது உடனே சொல்லிவிடும், இலக்கணம் பார்க்கவேண்டியதில்லை. அந்த மாதிரி, தெரிந்த சித்தத்தைச் செய்து பழகின மனதுக்குத் தெரியாத இடத்திலும் ஒரு பிடி கிடைக்கிறது. அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் அறிந்துகொள்ளுவான் என்று யோவான் 7:17-ல் இயேசு சொன்னதும் இந்த வரிசையில்தான்: செய்ய மனது முதலில், அறிவது அடுத்து.

ஆகவே உங்கள் இரண்டு வேலையையும் எதிரே வைத்து, வெளிப்படுத்தப்பட்ட சித்தத்தால் முதலில் சலியுங்கள். எதிலாவது பொய் சொல்லவேண்டியிருக்குமா, யாரையாவது ஏய்த்துத்தான் சம்பாதிக்கவேண்டியிருக்குமா? இருந்தால் ஜெபிக்கத் தேவையே இல்லை, அது போயிற்று. அடுத்து, எது உங்களைக் குடும்பத்தோடும் சபையோடும் இருக்கவிடும், எது உங்களைக் கொடுக்கிறவராக்கும், எதற்கு உங்கள் வரம் பொருந்தும் என்று பாருங்கள். இரண்டில் ஒன்றை ஏன் விரும்புகிறீர்கள் என்று நேர்மையாக எழுதுங்கள். சம்பளம் என்றால் சம்பளம் என்றே எழுதுங்கள், அதற்கு ஆவிக்குரிய சாயம் பூசவேண்டாம். எழுதினதை மனைவியிடமோ கணவரிடமோ, முன்பு சொன்ன அந்த ‘ஆமாம் போடாத’ ஆளிடமோ காட்டுங்கள். எருசலேம் ஆலோசனைச் சங்கத்தில் கூட அப்போஸ்தலர்கள் பேசி, வாதாடி, வசனத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று எழுதினார்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் இரண்டும் சுத்தமாக, சமமாக நின்றால், உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தேவனுடைய முதல் திட்டத்திலிருந்து என்றென்றைக்கும் விழுந்துவிடுவேன் என்று பயப்படவேண்டாம். பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், ஆவியானவர் இடங்கொடுக்கவில்லை, துரோவாவுக்கு வந்தார், அங்கே மக்கெதோனியாவின் அழைப்பு கிடைத்தது. நடக்கிறவரைத்தான் திருப்பிவிட முடியும். இரண்டு இடத்தாரும் பதிலுக்கு ஒரு தேதி சொல்லியிருப்பார்களே, அதற்கு முந்தின நாளே முடிவைச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்கும் நன்றி சொல்லி, மழுப்பாமல் எழுதிவிடுங்கள். அவர்கள் வேறு ஒருவரைத் தேடவேண்டுமே.